ஜப்பானியர் உண்கலங்கள்: ஒரு மரக்கிண்ணத்தின் பின்னே நிற்கும் கைகள்

தமிழில் 'கலம்' என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். உண்ணும் பாத்திரம் கலம். கடலோடும் மரக்கலமும் கலம். மேனியில் பூணும் அணியும் கலம். நெல்லளக்கும் அளவையும் கலம். இவற்றுள் உண்கலம் என்பது நாம் நாள்தோறும் கையாண்டும் கண்ணெடுத்துப் பாராத பொருள். உணவின் சுவையைப் பேசுவோர் பலர். அதனைத் தாங்கிய கலத்தைப் பேசுவோர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஜப்பானியர். அந்நாட்டில் ஒரு கிண்ணம் செய்வது ஒரு தொழிலன்று. பல தொழில்களின் கூட்டு. மண்ணாலும் கல்லாலும் மரத்தாலும் இரும்பாலும் அவர்கள் ஆக்கும் கலங்கள் எண்ணற்றன. அனைத்தையும் ஒரு கட்டுரைக்குள் அடக்குதல் இயலாது. எனவே சாறு பருகும் மரக்கிண்ணம் ஒன்றை மட்டும் எடுத்து, அஃது எங்ஙனம் உருவாகிறது, இன்று அதற்கு நேர்ந்துள்ள நிலை யாது என்பதை ஈண்டுச் சற்று விரிவாகக் காண்போம்.

கையில் ஏந்தும் கலம்

ஜப்பானியர் உண்ணும்போது கிண்ணத்தைக் கீழே வைத்துக் குனிவதில்லை. இடக்கையில் ஏந்தி வாயருகே கொண்டு சென்று, வலக்கையில் பிடித்த இரு குச்சிகளால் உண்கின்றனர். சாற்றுக்குக் கரண்டி கிடையாது. 'மிசோ' எனப்படும் புளித்த சோயா விழுதைக் கரைத்துக் காய்ச்சிய சாற்றைக் கிண்ணத்தின் விளிம்பில் உதடு பொருத்திப் பருகுவர். குடும்பத்தில் ஒவ்வொருவர்க்கும் தனிச் சோற்றுக்கிண்ணமும் தனிக் குச்சிகளும் உண்டு. தந்தையின் கிண்ணத்தை மகன் எடுப்பதில்லை.

கலத்தைக் கையில் ஏந்தும் இவ்வழக்கமே கலத்தின் உருவையும் பொருளையும் முடிவு செய்கிறது எனலாம். சாற்றுக்கிண்ணத்தின் விட்டம் பெரும்பாலும் 12 சென்டிமீட்டரை ஒட்டியே அமையும். இஃது ஜப்பானிய அளவையில் 4 'சுன்'. ஓர் உள்ளங்கைக்குள் பொருந்தும் அளவு இது. கொதிக்கும் சாற்றை உலோகக் கிண்ணத்தில் ஊற்றினால் கை பொறுக்காது, பீங்கானும் சுடும். மரம் சூட்டைக் கடத்துவதில் மந்தமானது. ஆகவே சோற்றுக்குப் பீங்கான், சாற்றுக்கு மரம் என்பது அவர்தம் வீடுகளில் நிலைபெற்ற முறை. ஆனால் மரத்திற்கொரு குறை உண்டு. நீர்பட்டால் ஊறும், உலர்ந்தால் வெடிக்கும், கறை பிடிக்கும். அக்குறையைப் போக்குவதே 'உருஷி' என்னும் மரப்பால்.

மண்பொருளும் கல்பொருளும்

மரத்திற்குச் செல்லுமுன் மண்ணைப் பற்றிச் சில சொற்கள். ஜப்பானியர் தம் சுடுகலங்களை 'மண்பொருள்', 'கல்பொருள்' என இரண்டாகப் பிரிப்பர். களிமண்ணால் ஆனது முன்னது. ஒருவகைக் கல்லைப் பொடித்துப் பிசைந்து சுட்ட பீங்கான் பின்னது. பிசென், ஷிகராக்கி போன்ற ஊர்கள் முன்னதற்குப் பெயர் பெற்றவை. பிசென் கலங்களுக்குக் கண்ணாடிப்பூச்சே இல்லை. பைன் விறகு ஒரு வாரத்திற்கு மேலாக எரியும் சூளையில், சாம்பலும் சுவாலையும் தாமே தீட்டும் நிறங்களே அவற்றின் அழகு.

பீங்கான் தொழில் ஜப்பானில் வேரூன்றியதோ ஒரு போரின் விளைவாக. 1592 முதல் 1598 வரை கொரியாவின்மீது படையெடுத்த ஜப்பானியத் தலைவர்கள், திரும்புகையில் கொரியக் குயவர்களைக் கவர்ந்து வந்தனர். அவருள் ஒருவரான யீ சாம்பியோங் என்பவரே அரித்தா என்னும் ஊரில் பீங்கானுக்குரிய கல்லைக் கண்டறிந்தவர் என்று அவ்வூரார் போற்றுகின்றனர். 1610-களில் தொடங்கிய அத்தொழில், அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே டச்சுக் கப்பல்கள் வழியாக உலகெங்கும் சென்றது. இஸ்தான்புல் நகரின் தோப்காப்பி அரண்மனையில் சீனப் பீங்கான்களோடு ஜப்பானியப் பீங்கான்கள் பல நூறும் காக்கப்படுகின்றன. நாகசாக்கித் துறைமுகத்தில் பீங்கானை ஏற்றிச் சென்ற அந்த டச்சு வணிகரே சோழமண்டலக் கரையின் துணிகளை அங்கே இறக்கினர் என்பது நமக்குச் சுவையான செய்தி. சாந்தோம் என்னும் மயிலாப்பூர்ப் பகுதியின் பெயரால் கோடிட்ட துணிவகை ஒன்றை ஜப்பானியர் 'சந்தோமே' என்று அழைத்தனர். இந்திய அச்சுத்துணிகளைத் தேநீர்ச் சடங்கின் அரிய கலங்களுக்கு உறையாகத் தைத்துப் பேணினர்.

உடைந்த பீங்கானைப் பொன்னால் ஒட்டும் 'கின்சுகி' என்னும் கலையைப் பற்றி அண்மைக்காலத்தில் பலரும் தத்துவம் பேசக் கேட்கிறோம். ஆனால் ஒட்டுவது பொன்னன்று. கோதுமை மாவோடு குழைத்த உருஷியே ஒட்டுகிறது. பொற்றூள் அதன்மேல் தூவப்படும் மெல்லிய போர்வை. பொன்னைக் கண்டவர் பாலை மறந்தனர் போலும்.

உருஷி மரம்

உருஷியைத் தமிழில் 'அரக்கு' என மொழிபெயர்ப்பது வழக்கமாயினும் பொருத்தமன்று. நம் நாட்டு அரக்கு, மரக்கொம்புகளில் வாழும் ஒருவகைப் பூச்சி சுரப்பது. உருஷியோ மரத்தின் பால். இம்மரம் மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்தது. வண்ணார் துணிகளுக்குக் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டையும் இக்குடும்பமே. சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் புண்ணாவதை நம் முதியோர் நன்கறிவர். முந்திரிக்கொட்டை உடைப்போரின் விரல்களில் தோல் உரிவதையும் கண்டிருப்பர். உருஷிப் பாலும் அவ்வாறே தோலைக் கொப்புளிக்கச் செய்யும். இத்தொழிலில் புகுவோர் முதலில் உடலெங்கும் அரிப்பையும் வீக்கத்தையும் பொறுத்தே தேற வேண்டும். இந்த உறவினால் நேர்ந்த வேறொரு விளைவும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து உருஷிக்கு மாற்றாக ஒரு பூச்சு ஜப்பானில் செய்யப்பட்டது. அதன் பெயரே 'கஷ்யூ', அதாவது முந்திரி.

உருஷியைப் பயன்படுத்தும் வழக்கம் அங்கு மிகத் தொன்மையானது. ஹொக்கைதோ தீவின் காக்கினோஷிமா என்னுமிடத்தில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியில் செந்நிற உருஷி பூசிய பொருள்கள் கிடைத்துள்ளன.

இனி, பால் எடுக்கும் முறை. ஜப்பானில் விளையும் உருஷியில் பெரும்பகுதி வடபகுதியிலுள்ள இவாத்தே மாநிலத்து ஜோபோஜி வட்டாரத்திலிருந்து வருகிறது. மரம் பாலுக்கு ஏற்றதாக வளரப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஜூன் மாத நடுவில் பால்வெட்டுவோர் மலையேறுகின்றனர். முதல்நாள் மரத்தில் சிறு கீறல் ஒன்றே இடுவர். வரப்போவதை மரத்திற்கு அறிவிப்பது போல. நான்கைந்து நாள் கழித்து அதன்மேல் சற்று நீண்ட கீறல். மீண்டும் நான்கைந்து நாள் கழித்து இன்னும் நீண்டது. இவ்வாறு கோடை முடிவதற்குள் மரத்தின் உடலில் தலைகீழ் முக்கோணமாகக் கீறல்கள் அடுக்கடுக்காக அமைகின்றன. காயத்தை ஆற்றிக்கொள்ள மரம் சுரக்கும் பாலை அவர்கள் சிறு இரும்புக் கரண்டியால் துளித்துளியாக வழித்தெடுக்கின்றனர். மழைநாளில் வெட்டுவதில்லை. முதற்பருவப் பால், நடுப்பருவப் பால், கடைப்பருவப் பால் என மூன்றாகப் பிரித்து வைப்பர். நடுப்பருவத்ததே மேற்பூச்சுக்கு உயர்ந்தது.

குமரி மாவட்டத்தில் ரப்பர்ப் பால்வெட்டுவதைக் கண்டவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் ஒரு வேறுபாடு. ரப்பர் மரம் பல்லாண்டு பால் தரும். உருஷி மரத்தை ஜப்பானியர் ஒரே பருவத்தில் முற்றிலுமாக வடித்துவிட்டு, இறுதியில் வெட்டிச் சாய்க்கின்றனர். இம்முறைக்கு அவர்கள் இட்ட பெயர் 'கொன்றெடுத்தல்' என்பதே. இத்தனைக்கும் பிறகு ஒரு மரம் தந்த பால் ஏறத்தாழ 200 கிராம். ஒரு தேநீர்க் குவளை அளவு. வெட்டிய அடிமரத்திலிருந்து துளிர்க்கும் கன்றை மீண்டும் பத்துப் பதினைந்து ஆண்டு வளர்க்க வேண்டும்.

பால் உலரும் விதம் வியப்புக்குரியது. மற்றப் பூச்சுகள் வெயிலில் உலர, உருஷி ஈரத்தில்தான் உலர்கிறது. ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேலும், வெப்பம் 20 பாகை செல்சியசுக்குச் சற்று மேலும் இருத்தல் வேண்டும். பாலிலுள்ள ஒரு நொதிப்பொருள் காற்றின் உயிர்வளியை வாங்கி, பாலைக் கெட்டியான வலைப்பின்னலாக மாற்றுகிறது. 'லாக்கேஸ்' எனப் பெயர்பெற்ற இந்நொதியை 1883-இல் வெளிப்படுத்தியவர் யொஷிதா ஹிக்கோரொக்குரோ என்னும் ஜப்பானிய வேதியியலார். இவ்வாறு இறுகிய படலத்தை அமிலமோ காரமோ எளிதில் அரிப்பதில்லை. கதிரவன் ஒளியொன்றே அதற்குப் பகை. 1873-இல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியிலிருந்து ஜப்பானியப் பொருள்களை ஏற்றிவந்த 'நீல்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் 1874-இல் இசு கரையருகே மூழ்கியது. ஓராண்டுக்கு மேல் கடலடியில் கிடந்து மீட்கப்பட்ட உருஷிக் கலங்கள் பெரும்பாலும் கெடாதிருந்தன.

வாஜிமாவின் பட்டறைகள்

பாலும் மரமும் கூடும் ஊர்கள் பல. அவற்றுள் புகழ்மிக்கது ஜப்பான் கடலை நோக்கிய நோத்தோ தீபகற்பத்தின் வாஜிமா. இவ்வூரின் கிண்ணம் நூற்றுக்கு மேற்பட்ட படிகளைக் கடந்து முடிவதாகக் கணக்கிடுவர்.

முதற்கை கடைசல்காரருடையது. கெயாக்கி போன்ற உறுதியான மரத்தைப் பருவெட்டாகக் கடைந்து, புகையிட்டுப் பல மாதம் உலரவைத்து, பின்னரே மெல்லிதாகக் கடைகின்றனர். யமனக்காவின் கடைசல்காரர் ஒளி ஊடுருவும் அளவுக்கு மரத்தை மெலிதாக்கும் திறனுடையோர். அடுத்த கை அடிப்பூச்சுக்காரருடையது. விளிம்பு, அடி முதலிய மெலிந்த இடங்களில் உருஷி தோய்ந்த துணியை ஒட்டி வலுவூட்டுவர். பின்னர் உருஷியோடு ஒருவகை மண்தூளைக் குழைத்துப் பலமுறை பூசுவர். அந்த மண்தான் வாஜிமாவின் தனிச்செல்வம். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான அம்மண்ணை அவ்வூர்க் குன்றிலிருந்து எடுத்துச் சுட்டுப் பொடிக்கின்றனர். அதன் நுண்துளைகளில் உருஷி புகுந்து இறுகுவதால் கிண்ணம் கல்போல் உறுதி பெறுகிறது. காண்போர் கண்ணுக்கு இவ்வடிப்பூச்சு ஒருநாளும் புலப்படாது. ஆயினும் கிண்ணம் ஐம்பதாண்டு உழைப்பதும் ஐந்தாண்டில் உரிவதும் இதனைப் பொறுத்ததே.

நடுப்பூச்சும் தேய்ப்பும் முடிந்தபின் மேற்பூச்சு. தூசு புகாத தனியறையில், காற்றையும் அசைக்காது அமர்ந்து பூசுவர். அவர் கையிலுள்ள தூரிகை பெண்களின் நீண்ட கூந்தலால் ஆனது. மயிரை உருஷியால் இறுக்கி, இரு மரப்பட்டைகளுக்கு இடையே கைப்பிடியின் நுனிவரை பதித்திருப்பர். முனை தேயத் தேயப் பென்சில் போலச் சீவிக்கொள்வர். பூசிய கிண்ணங்கள் ஈரமூட்டிய மரப்பேழைக்குள் வைக்கப்படும். பூச்சு ஒருபுறம் வழிந்து தேங்காதபடி, அவற்றைத் திருப்பிக்கொண்டேயிருக்க வேண்டும். வேண்டுமாயின் இதன்பின் பொற்றூள் ஓவியம் தீட்டுவோரும், கீறிப் பொன் பதிப்போரும் வருவர். இன்னும் பளபளப்பு வேண்டின், கரியால் தேய்த்து, இறுதியில் வெறும் உள்ளங்கையால் மெருகிடும் தனித்தொழிலாளரும் உளர். என் கருத்தில் ஓவியமற்ற கருநிறக் கிண்ணமே அழகிற் சிறந்தது. தனிசாகி ஜுனிசிரோ என்னும் ஜப்பானிய எழுத்தாளர் 1933-இல் எழுதிய, நிழலின் அழகைப் போற்றும் கட்டுரை நூலில், மின்விளக்கின் கூசும் ஒளியில் இக்கிண்ணங்களின் அழகு புலப்படாது என்று வருந்தியிருப்பது நோக்கத்தக்கது.

சிவப்புநிறம் ஊட்டும் இரும்புக் காவிக்கு ஜப்பானியர் வழங்கும் 'பெங்கரா' என்னும் பெயர் வங்காளத்திலிருந்து வந்ததென்பதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

இத்தனை உழைப்பால் ஆன கலத்தை எளியோர் வாங்கியது எவ்வாறு? வாஜிமா வணிகர் கிண்ணங்களைச் சுமந்து ஊர் ஊராகச் சென்றனர். அங்குக் குடியானவர் சிலர் கூடி, நம்மூர்ச் சீட்டுப் போலத் தவணைப்பணம் கட்டி, முறைவைத்து ஆளுக்கொரு தொகுதி கிண்ணம் பெற்றனர். 'கிண்ணச் சீட்டு' என்றே அதற்குப் பெயர். வாங்கியவர் வீட்டில் கிண்ணம் தேய்ந்தால் அதே வணிகர் வாங்கிச் சென்று மீண்டும் பூசிக் கொடுப்பர். இக்கலம் செல்வர் மாளிகைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தளர்ச்சி

இன்று ஜப்பானியக் கடைகளில் உருஷிக் கிண்ணம் போலவே மின்னும் கிண்ணங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுள் பல நெகிழி. மேற்பூச்சு செயற்கைப் பிசின். வெந்நீர் இயந்திரத்தில் கழுவலாம்; விழுந்தாலும் கவலையில்லை. 1962-இல் இயற்றிய பொருள்தரச் சட்டத்தின்படி, எது உருஷிக்கலம், எது செயற்கைக்கலம் என்பதைச் சீட்டில் குறித்தாக வேண்டும். வாங்குவோர் அதைப் படித்துத் தெளியலாம். படிப்போர் சிலரே.

தளர்ச்சியை முன்னுணர்ந்த அரசு 1974-இல் மரபுவழிக் கைத்தொழில்களைப் பேணும் சட்டம் ஒன்றை இயற்றிற்று. பொருள் அன்றாட வாழ்வில் பயன்படுவதாக இருத்தல் வேண்டும். முதன்மையான பகுதி கையால் ஆதல் வேண்டும். நுட்பமும் மூலப்பொருளும் நெடுங்கால மரபின என்று காட்டுதல் வேண்டும். இவ்விதிகளுக்கு உட்பட்டு 240-க்கும் மேற்பட்ட தொழில்கள் பட்டியலில் ஏறியுள்ளன. பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் தொழில்செய்து தேர்வில் வென்றோர்க்கு 'மரபுக் கைவினைஞர்' என்னும் பட்டமும் உண்டு. எனினும் 1979-இல் ஏறத்தாழ 2,88,000 பேர் ஈடுபட்டிருந்த இத்தொழில்களில் 2016-இல் ஏறத்தாழ 62,000 பேரே எஞ்சினர். பட்டம் வழங்குவது எளிது. கிண்ணம் வாங்குவோரை உண்டாக்குவது அரிது.

கைகளின் தொகை குறைவதினும் கவலைக்குரியது, அவை ஒன்றையொன்று பற்றி நிற்பது. தூரிகை செய்வோர் இல்லையேல் மேற்பூச்சுக்காரர் கைகட்டி நிற்க வேண்டும். மரத்தைக் கீறும் கத்தியை அடிக்கும் கொல்லர் நாடு முழுதும் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அவர் உலை அணைந்தால் மலையில் பால் இல்லை. பாலுக்கோ வேறொரு சிக்கல். ஜப்பானில் பயன்படும் உருஷியில் 90 விழுக்காட்டுக்கு மேல் சீனத்திலிருந்து வருவது. 2015-இல் பண்பாட்டு அலுவல்கள் முகமை, தேசியச் செல்வங்களாகக் குறிக்கப்பட்ட கோயில் முதலிய கட்டடங்களை உள்நாட்டு உருஷியாலேயே செப்பனிட வேண்டும் என அறிவித்தது. அதன் பயனாக, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டன்னாக இருந்த உள்நாட்டு விளைச்சல் சில ஆண்டுகளில் இரு டன்னாக உயர்ந்தது. 2020-இல் யுனெஸ்கோ நிறுவனமும், மரக்கட்டடக் கலையோடு சேர்ந்த திறன்களின் வரிசையில் உருஷி எடுத்தலையும் ஏற்றுக்கொண்டது. பால்வெட்டுவோர்க்கு இது நல்வாழ்வே. ஆனால் கூடுதலான பால் முதற்கண் செல்வது கோயில் தூண்களுக்கு. சாற்றுக்கிண்ணத்திற்கு எஞ்சுவது சிறிது.

இந்நிலையில்தான் 2024-ஆம் ஆண்டின் முதல்நாள் மாலை நோத்தோ தீபகற்பம் 7.6 அளவில் நடுங்கியது. வாஜிமாவின் காலைச்சந்தைத் தெருவில் எழுந்த தீ ஏறத்தாழ 240 கட்டடங்களைச் சாம்பலாக்கியது. பட்டறைகள் சரிந்தன, பல மாதம் பூசி முடித்த கலங்களும், பல்லாண்டு உலர்த்திய மரங்களும், தலைமுறை கடந்து வந்த கருவிகளும் இடிபாட்டில் புதைந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 21 அன்று பெருமழை வெள்ளம் மீண்டும் ஊருக்குள் புகுந்தது. ஒரு பட்டறை நிமிர்ந்தாலும் தொழில் நிமிர்ந்ததாகாது என்பது அப்போது வெளிப்பட்டது. பூச்சுக்காரர் கூடாரத்தில் அமர்ந்து பூசத் தயாராக இருப்பார். கடைசல்காரரின் இயந்திரமோ மண்ணுக்குள் கிடக்கும். தற்காலிகப் பட்டறைகள் எழுப்பப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்கா சென்ற ஜப்பானியப் பிரதமர், அந்நாட்டு அதிபர்க்கு வாஜிமா உருஷி பூசிய காப்பிக் கிண்ணங்களைப் பரிசாகக் கொண்டு சென்றார். நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட ஊரின் இளங்கைவினைஞர் செய்தவை அவை.

ஜோபோஜி மலைச்சரிவுகளில் இப்போது உருஷிக் கன்றுகள் புதிதாக நடப்பட்டு வருகின்றன. இவ்வாண்டு நடும் கன்றில் முதற்கீறல் விழப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் செல்லும். அன்று அதனைக் கீறுவதற்குரிய கத்தியை அடிக்கக் கொல்லரும், அப்பாலைப் பூசுதற்குரிய தூரிகையைக் கட்டுவோரும் தத்தம் பட்டறையில் இருந்தாக வேண்டும்.